காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியை இனங்காண்போம்

பருத்தி விளைவிப்போருக்கும் அதன் நூலை நெய்வோருக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அது காய்ப்புழு. புழு துளைத்த காய் சரியாக வெடிப்பதில்லை. வெடித்தாலும் சுளை கறை படிந்து, பஞ்சு மஞ்சளித்து, முதிராமல் நின்றுவிடுகிறது. விளைவிப்பவர் அதனைக் கொட்டுப் பருத்தி என்று தனியே பிரித்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். பிரிக்காமல் நல்ல பருத்தியோடு கலந்து சென்றுவிட்டால், முதிராத இழைகள் நூலில் சிறுசிறு முடிச்சுகளாகத் திரள்கின்றன. சாயத்தொட்டியில் இட்டால் அவ்விழைகள் சாயத்தைச் சரிவர ஏற்பதில்லை. ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறியில் அமர்ந்திருப்போர், பாவில் நூல் அறுவதையும் நெய்த துணியில் வெளிறிய புள்ளிகள் தோன்றுவதையும் கண்டு வருந்துவதுண்டு. அக்குறையின் காரணங்களுள் ஒன்று, எங்கோ ஒரு பருத்திக் காட்டில் ஓர் இரவில் ஓர் அந்துப்பூச்சி இட்ட முட்டையாக இருக்கலாம்.

ஆகவே, அந்தப் பூச்சியைப் பற்றி இரு சாரார்க்கும் பயன்படுமாறு சில செய்திகளைக் கூற விழைகிறோம். மருந்துகளின் பட்டியலைத் தருவது நம் நோக்கமன்று. பூச்சி எது, அதனை ஒத்த பிற பூச்சிகள் எவை, அவற்றை எவ்வாறு வேறு பிரித்து அறிவது என்பவையே இங்குச் சொல்லப்படுவன. பகைவன் யாரென்று அறியாமல் எய்யும் அம்பு வீணாவதோடு, சில வேளைகளில் நண்பனையும் தைத்துவிடும்.

பெயரில் உள்ள குழப்பம்

நம் பகுதியில் பருத்திக் காயைத் துளைக்கும் பெரிய புழுவைப் பச்சைக் காய்ப்புழு என்றும் அமெரிக்கன் காய்ப்புழு என்றும் அழைக்கிறோம். துவரையில் அதனையே காய்த்துளைப்பான் என்கிறோம். தக்காளியில் பழத்துளைப்பான் என்கிறோம். கொண்டைக்கடலையில் அதுவே பச்சைப் புழு. பயிர்தோறும் பெயர் மாறுகிறது, பூச்சி ஒன்றே. அறிவியலார் அதற்கு இட்டிருக்கும் பெயர் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா என்பதாகும். தக்காளித் தோட்டத்தில் வளர்ந்த புழு கூண்டுப் புழுவாகி, அந்துப்பூச்சியாகி, பக்கத்துப் பருத்திக் காட்டில் முட்டையிடும். பெயர்கள் வேறாக இருப்பதால், இரண்டும் வேறு வேறு பூச்சிகள் என்று எண்ணி ஒரு வயலைக் காத்து மறு வயலைக் கைவிடுவோர் பலர்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. பருத்தியில் காணும் எல்லாப் புழுக்களையும் 'காய்ப்புழு' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். அச்சொல்லுக்குள் குறைந்தது மூன்று வகைப் பூச்சிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றின் பழக்கங்கள் வேறு; அவற்றை அடக்கும் வழிகளும் வேறு.

அமெரிக்கன் என்ற அடைமொழி மற்றொரு புதிர். இந்தப் பூச்சி அமெரிக்காவில் பிறந்ததன்று. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகியவையே இதன் தொன்மையான இருப்பிடங்கள். இதற்கு முதன்முதலில் பெயரிட்டவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தவரான யாக்கோப் ஹ்யூப்னர் என்பவர். 1761 முதல் 1826 வரை வாழ்ந்த இவர், இளமையில் உக்ரேன் நாட்டில் ஒரு பருத்தித் துணித் தொழிற்சாலையில் மூன்றாண்டுகள் சித்திர வடிவமைப்பாளராகவும் செதுக்குநராகவும் பணிபுரிந்தார் என்பது நெசவாளர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. துணிக்குச் சித்திரம் வரைந்த அக்கை பின்னர் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் வரைந்து பெரும்புகழ் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இப்பூச்சிக்கு இட்ட 'ஆர்மிஜெரா' என்ற பெயருக்கு ஆயுதம் தாங்கியது என்பது பொருள்.

அமெரிக்காவில் உண்மையாகவே பிறந்த காய்ப்புழு ஒன்று உண்டு. அதன் பெயர் ஹெலிகோவெர்பா சீயா. 1850-ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயர் இடப்பட்டது. அங்கே அது மக்காச்சோளக் கதிரையும் பருத்திக் காயையும் அழிக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தமையால், நெடுங்காலம் அறிஞர்களும் இரண்டையும் ஒரே பூச்சியாகக் கருதிவந்தனர். கனடா நாட்டு அறிஞர் டேவிட் ஹார்ட்விக் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, இரண்டும் வேறு வேறு இனங்கள் என்பதைத் தெளிவுபடுத்தினார். ஹெலிகோவெர்பா என்ற பேரினப் பெயரும் அவர் வகுத்ததே. குழப்பம் நீங்கிற்று, ஆனால் நம் ஊரில் பெயர் நீங்கவில்லை.

இதில் வியப்பு ஒன்று உண்டு. நம் பழைய உலகப் பூச்சி அமெரிக்கக் கண்டத்தில் குடியேறியிருப்பது 2013-ஆம் ஆண்டில்தான் பிரேசில் நாட்டில் உறுதி செய்யப்பட்டது. இங்கே பல்லாண்டுகளாக அமெரிக்கன் என்று அழைக்கப்பட்ட பூச்சி, அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது அண்மையிலேதான்.

வட அமெரிக்காவின் மலர் அந்துகள்

இப்பூச்சியின் இயல்பை நன்கு விளங்கிக்கொள்ள அதன் உறவினரைச் சற்று அறிவது நலம். வட அமெரிக்காவில் 'மலர் அந்துகள்' என்று அழைக்கப்படும் ஒரு கூட்டம் உண்டு. ஷீனியா என்பது அவற்றின் பேரினப் பெயர்; அதனை இட்டவரும் மேற்கூறிய ஹ்யூப்னரே. அப்பேரினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் காய்ப்புழுவும் மலர் அந்துகளும் ஹெலியோத்தினே என்னும் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பங்காளிகள் என்று சொல்லலாம்.

மலர் அந்துகளின் வாழ்க்கை மிக அடக்கமானது. பெரும்பாலானவை தமக்கென ஒரு செடியையோ, அச்செடியின் நெருங்கிய உறவுச் செடிகளையோ மட்டுமே நாடுகின்றன. அந்துப்பூச்சி அப்பூவிலோ மொட்டிலோ முட்டையிடும்; புழு அப்பூவையும் அதன் விதையையும் தின்று வளரும். ஷீனியா புளோரிடா என்ற இனம் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த சிறகுகளை உடையது. அந்தி மலர்ச்செடி ஒன்றின் பாதி மூடிய பூவுக்குள் பகல் முழுவதும் தலையை நுழைத்துக்கொண்டு உறங்கும். வெளியே தெரியும் அதன் மஞ்சள் சிறகு நுனி வாடிய இதழைப் போலவே தோன்றும். நம் ஊர்த் தோட்டங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும் கெயிலார்டியாப் பூவின் இனத்தைச் சேர்ந்த காட்டுச்செடி ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் வளர்கிறது. ஷீனியா மேசனி என்ற மலர் அந்து அப்பூவின் மீது அமர்கிறது. பூவின் நடுவட்டம் செம்மை, இதழின் ஓரம் மஞ்சள். பூச்சியின் சிறகு செம்மை, தலை மஞ்சள். அருகில் சென்றாலும் பூச்சி இருப்பது புலப்படுவதில்லை.

இந்த மலர் அந்துகளை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் முற்கூறிய ஹார்ட்விக். அவர் சிறகின் நிறத்தை மட்டும் பார்த்து இனம் பிரித்தவரல்லர். பூச்சி எந்தப் பூவில் அமர்ந்தது, எங்கே முட்டையிட்டது, முட்டையிலிருந்து வந்த புழு எவ்வாறு வளர்ந்தது என்பவற்றையெல்லாம் வளர்த்துப் பார்த்து எழுதினார். பூச்சியை அறிவதென்றால் அதன் வீட்டையும் உணவையும் பிள்ளையையும் சேர்த்து அறிவதாகும் என்பது அவர் முறையின் சாரம். நாம் கைக்கொள்ளவேண்டியதும் இம்முறையே.

ஒரு பூவை மட்டும் நம்பி வாழும் பூச்சி, அப்பூ இல்லாத இடத்தில் பகையாவதில்லை. நம் காய்ப்புழுவோ நூற்றுக்கு மேற்பட்ட செடிகளை உண்ணக்கூடியது. பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, மொச்சை, தக்காளி, சூரியகாந்தி, மக்காச்சோளம், சோளக் கதிர், செண்டுமல்லி எதுவாயினும் அதற்கு உணவே. ஆனால் மலர் அந்துகளின் குலவழக்கத்தை அது முற்றும் விட்டுவிடவில்லை. இலையைக் காட்டிலும் மொட்டு, பூ, காய், விதை ஆகியவற்றையே அது பெரிதும் விரும்புகிறது. பயிரில் நமக்குப் பயன்படும் பாகம் எதுவோ அதுவே அதன் விருப்ப உணவாக இருப்பதுதான் நம் இழப்புக்குக் காரணம்.

பூச்சியின் நான்கு நிலைகள்

முட்டை: தாய்ப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இடுவதில்லை. ஒவ்வொன்றாகத் தனித்தனியே, இளங்குருத்திலும் சப்பையிலும் பூவிலும் இடும். முட்டை உருண்டையாய், கசகசாவினும் சிறிதாய், வெளிர் மஞ்சள் நிறமாய் இருக்கும். பூதக்கண்ணாடியில் நோக்கினால் மேலிருந்து கீழாக வரிவரியான மேடுகள் தெரியும். மூன்று நான்கு நாட்களில் முட்டை கருத்துப் புழு வெளிவரும். ஒரு தாய்ப்பூச்சி பல நூறு முட்டைகளை இடவல்லது.

புழு: நிறத்தை நம்பலாகாது. பச்சை, மஞ்சள், பழுப்பு, இளஞ்சிவப்பு, கருமை கலந்த நிறம் என ஒரே செடியிலேயே பல நிறங்களில் காணலாம். பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் வெளிறிய கோடும், முதுகில் விட்டுவிட்டுத் தோன்றும் கருஞ்சாம்பல் கோடுகளும், உடலில் ஆங்காங்கே நிற்கும் குறுமயிர்களும் அடையாளங்கள். முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை நீளும். நிறத்தைவிட நல்ல அடையாளம் அது உண்ணும் முறை. காயில் வட்டமான, சுத்தமான துளையிட்டுத் தலையையும் முன்னுடலையும் மட்டும் உள்ளே நுழைத்துத் தின்னும். பின்னுடல் வெளியே தெரியும். எச்சம் துளையின் வெளியே கிடக்கும். ஒரு காயை முடிக்குமுன் மற்றொன்றுக்குத் தாவுவதால், ஒரே புழு பல காய்களைக் கெடுக்கும். தன்னினத்தையே கடித்துத் தின்னும் குணமும் இதற்கு உண்டு. எனவே வளர்ந்த புழுக்கள் ஒரே காயில் கூட்டமாக இருப்பது அரிது.

கூண்டுப் புழு: இரண்டு மூன்று வாரங்களில் புழு செடியிலிருந்து இறங்கி, மண்ணுக்குள் சில விரற்கடை ஆழத்தில் செம்பழுப்பு நிறக் கூண்டுப் புழுவாக மாறும். கோடை உழவு செய்யும்போது மைனாவும் கொக்கும் ஏர்ச்சாலின் பின்னே நடந்து பொறுக்குபவற்றில் இவையும் அடங்கும்.

அந்துப்பூச்சி: உடல் தடித்தது. சிறகை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 35 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கும். ஆணின் முன்சிறகு பசுமை கலந்த சாம்பல் அல்லது வைக்கோல் நிறம். பெண்ணின் முன்சிறகு செம்பழுப்பு. முன்சிறகின் நடுவே சிறுநீரக வடிவில் கரும்புள்ளி ஒன்று காணும். முடிவான அடையாளம் பின்சிறகில் இருக்கிறது. அது வெளிறிய நிறமாயிருந்து, வெளி ஓரத்தில் மட்டும் அகன்ற கரும்பட்டை ஒன்று ஓடும். அப்பட்டையின் இடையே வெளிறிய திட்டு ஒன்று தெரியும். அமர்ந்திருக்கும்போது பின்சிறகு மறைந்திருக்குமாதலால், முன்சிறகை மெல்ல ஒதுக்கிப் பார்க்கவேண்டும். கரை போட்ட வேட்டியைப் போன்றது அப்பின்சிறகு. ஒருமுறை கண்டவர் மறவார்.

ஒத்த தோற்றமுடைய பிற பூச்சிகள்

புள்ளிக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி இதனினும் மிகச் சிறியது. ஒரு வகையில் வெளிறிய முன்சிறகின் நடுவே பச்சை நிறத்தில் ஆப்பு வடிவப் பட்டை ஒன்று இருக்கும். மற்றொரு வகையில் முன்சிறகு முழுவதும் பச்சை. இதன் புழு குட்டையாய், உடலெங்கும் சிறு முண்டுகளோடு புள்ளிபட்டு இருக்கும். செடி இளமையாக இருக்கும்போதே நுனிக் குருத்தைத் துளைக்கும். குருத்து வாடித் தலைசாயும். காய் வருவதற்கு முன்பே குருத்து வாடிக் கண்டால் ஐயுறவேண்டியது இப்புழுவையே. வெண்டையும் இதற்கு விருப்ப உணவு.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி இன்னும் சிறியது. விரித்த சிறகின் அளவு 15 முதல் 20 மில்லிமீட்டரே. முன்சிறகு கரும்பழுப்பு, பின்சிறகு சாம்பல் நிறமாய், ஓரத்தில் நீண்ட மயிர்க்குஞ்சம் பெற்றிருக்கும். இதுவே இன்று மிகவும் அஞ்சத்தக்கது. ஏனெனில் இதன் புழு வெளியே தெரிவதில்லை. இளங்காயில் நுழைந்த துளை மூடிக்கொள்ளும். காய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வெடிக்கும்போதுதான் உள்ளே சுளை கெட்டிருப்பது புலனாகும். விரியாமல் இதழ்கள் ஒட்டிக்கொண்டு ரோஜா மொட்டுப்போல் நிற்கும் பூக்களும், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட விதைகளும் இதன் அடையாளங்கள்.

புகையிலை வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சி அளவில் நம் பூச்சியை ஒத்தது. ஆகவே விளக்கடியில் இரண்டையும் மாற்றி எண்ணிவிடுவது எளிது. வெட்டுப்புழுப் பூச்சியின் முன்சிறகில் வெண்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். பின்சிறகு கரும்பட்டை இல்லாமல் வெண்மையாக இருக்கும். இது முட்டைகளைக் குவியலாக இட்டுப் பழுப்பு மயிரால் மூடும். இளம்புழுக்கள் கூட்டமாக இலையைச் சுரண்டும்.

ஹெலிகோவெர்பா அசல்டா என்ற நெருங்கிய உறவுப் பூச்சியும் நம் நாட்டில் உண்டு. அது புகையிலை, சொடக்குத் தக்காளி முதலிய கத்தரிக் குடும்பச் செடிகளை நாடுவது. அதனையும் நம் பூச்சியையும் ஐயமறப் பிரிக்க நுண்ணோக்கி வேண்டும். அத்தகைய நிலையில் எந்தச் செடியிலிருந்து புழு எடுக்கப்பட்டது என்ற குறிப்பே முதல் துணை.

ஆண்டிபட்டி வட்டாரத்தில் மல்லிகை வளர்ப்போர் மொட்டுப்புழுவைக் காய்ப்புழுவோடு சேர்த்து எண்ணவேண்டுவதில்லை. மல்லிகை மொட்டைத் துளைக்கும் புழு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் அந்துப்பூச்சி சிறியதாய், வெண்சிறகில் கருங்கோடுகள் நெளிய இருக்கும். மலர் அந்துகளைப் போல மொட்டிலேயே வாழ்வது என்றாலும் பருத்திக்கு அதனால் தீங்கில்லை.

உண்மையில் அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 2018-ஆம் ஆண்டில் முதலில் கருநாடகத்தில் காணப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் பரவி, மக்காச்சோளத்தைத் தாக்கிய படைப்புழுவே அது. அதன் புழுவின் தலையில் தலைகீழான கவட்டை போன்ற வெண்கோடும், வால்பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் காணும். அமெரிக்கன் என்ற பெயர் வாராத ஒன்றின்மேல் நிற்கிறது. வந்த ஒன்றின்மேல் அப்பெயர் இல்லை. பெயரைக் கொண்டு பூச்சியை அறிய முயல்வதன் பயன் இவ்வளவே.

இனங்காண்பதால் விளையும் பயன்

'எந்தப் புழுவானால் என்ன, மருந்தடித்தால் சாகாதா?' என்று கேட்போர் உளர். அதற்கு விடையாக அண்மைக்கால வரலாறே இருக்கிறது.

1980-க்குப் பின் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் பருத்திக் காடுகளில் பெருமளவில் தெளிக்கப்பட்டன. 1987-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் திரும்பத் திரும்பத் தெளித்தும் பச்சைக் காய்ப்புழு சாகவில்லை. மருந்தைத் தாங்கும் வலிமையைப் பூச்சி பெற்றுவிட்டது பின்னர் ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. மருந்தால் அழிந்தவை புழுவைத் தின்னும் நன்மைப் பூச்சிகளே. கடன் வாங்கிப் பருத்தி இட்ட குடும்பங்கள் பல அவ்வாண்டில் நிலைகுலைந்தன. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு.

2002-ஆம் ஆண்டில் பி.டி. பருத்திக்கு அரசு இசைவு அளித்தது. 2006-இல் இரண்டு நச்சுப் புரதங்களைக் கொண்ட வகை வந்தது. பச்சைக் காய்ப்புழுவைப் பெரிதும் அது அடக்கியது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கு ஈடுகொடுக்கத் தொடங்கியது; முதல் வகைக்கு எதிர்ப்பு வலிமை பெற்ற புழுக்கள் குஜராத்தில் இருப்பது 2010-இல் அறிவிக்கப்பட்டது; பின்னர் இரண்டாம் வகையையும் அது வென்றது. 'பி.டி. விதைதான் போட்டிருக்கிறோமே, காய்ப்புழு வராது' என்று இருந்தவர்கள், எந்தக் காய்ப்புழு என்று கேட்கத் தவறியவர்கள் ஆயினர்.

நஞ்சில்லாத முறைகளுக்கோ இனங்காண்பது இன்னும் இன்றியமையாதது. இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் மணப்பொருள் ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனி. ஓர் இனத்தின் பெண்பூச்சி வீசும் மணத்துக்கு அவ்வினத்து ஆண்பூச்சியே வரும். பச்சைக் காய்ப்புழுவுக்குரிய மணப்பொருளை மாட்டிவிட்டு, பொறி வெறுமையாக இருப்பதால் காட்டில் புழுவே இல்லை என்று முடிவு கட்டினால், இளஞ்சிவப்புப் புழு நம்மை ஏமாற்றிவிடும். அதற்குரிய மணப்பொருளை வைத்த பொறியில் ஓர் இரவுக்கு எட்டுப் பூச்சிகள் வீதம் தொடர்ந்து மூன்று இரவுகள் விழுந்தாலோ, பறித்துப் பிளந்து பார்த்த காய்களில் நூற்றுக்குப் பத்து கெட்டிருந்தாலோ, தடுப்பு முறை தொடங்கவேண்டிய நிலை வந்துவிட்டதென்று கொள்ளவேண்டும்.

என்.பி.வி. என்னும் நச்சுயிரி மருந்தும் அவ்வாறே. பச்சைக் காய்ப்புழுவுக்கென ஆக்கிய கரைசல் வெட்டுப்புழுவைக் கொல்லாது. வெட்டுப்புழுவுக்குரியது காய்ப்புழுவைத் தொடாது. இரண்டையும் வெயில் தாழ்ந்த மாலையிலேயே தெளிக்கவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பொறிப்பயிரிலும் இந்த வேறுபாடு உண்டு: பச்சைக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியைச் செண்டுமல்லி ஈர்க்கும், வெட்டுப்புழுவின் தாய்ப்பூச்சியை ஆமணக்கு ஈர்க்கும், புள்ளிக் காய்ப்புழுவை வெண்டை ஈர்க்கும். வரப்பில் எதை நடுவது என்பது காட்டுக்குள் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நாமே செய்யக்கூடியவை

பூச்சியை இனங்காண்பது கல்லூரி கற்றவர்க்கே உரியது என்று எண்ணவேண்டாம். 'பிரித்தானிய இந்தியாவின் உயிரினங்கள்' என்ற நூல்வரிசையில் அந்துப்பூச்சிகளைப் பற்றிய நான்கு தொகுதிகளை 1892 முதல் 1896 வரை எழுதிய ஜார்ஜ் ஹாம்ப்சன், அதற்குமுன் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். தோட்டத்தில் கண்ட பூச்சிகளைச் சேர்த்துவைத்த பழக்கமே அவரைப் பேரறிஞராக்கிற்று. கண்ணும் பொறுமையும் குறிப்பெழுதும் பழக்கமும் இருந்தால் போதும்.

முதலாவதாக, பிடித்த பூச்சியைக் கசங்காமல் ஒரு தீப்பெட்டியில் பஞ்சின்மேல் வைத்து, அதனோடு ஒரு சீட்டும் இடவேண்டும். சீட்டில் நாள், ஊர், பயிர், விளக்கில் விழுந்ததா அல்லது பொறியில் விழுந்ததா என்ற விவரம் ஆகிய நான்கும் இருக்கவேண்டும். சீட்டில்லாத பூச்சி முகவரியில்லாத கடிதத்துக்கு ஒப்பாகும்.

இரண்டாவதாக, ஐயத்துக்குரிய புழுவை வாயகன்ற புட்டியில் வளர்த்துப் பார்க்கலாம். அடியில் ஈரமண் இரண்டு மூன்று விரற்கடை இட்டு, புழுவை எடுத்த செடியின் சப்பையோ இளங்காயோ நாள்தோறும் புதிதாக வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டவேண்டும். ஒரு புட்டிக்கு ஒரு புழுவே. இரண்டிட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். மண்ணில் இறங்கிய புழு நாளடைவில் அந்துப்பூச்சியாகி வெளிவரும்போது பின்சிறகைப் பார்த்துத் தெளியலாம். சில புட்டிகளில் அந்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவியோ ஈயோ வெளிவரும். அவை புழுவின் உடலில் வளர்ந்து அதனைக் கொன்ற ஒட்டுண்ணிகள், நம் நண்பர்கள். அவை மிகுதியாகக் காணப்படும் காட்டில் நஞ்சு தெளிப்பதற்கு முன் இருமுறை சிந்திக்கவேண்டும்.

மூன்றாவதாக, தெளிவு கிட்டாதபோது சீட்டோடு கூடிய பூச்சியை வேளாண்மை அலுவலரிடமோ, வைகை அணையில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சிகள் அருங்காட்சியகத்தை வாய்ப்புள்ளோர் சென்று காண்பது நலம்.

நான்காவதாக, இவற்றைத் தனித்தனியே செய்வதைவிடக் கூட்டுறவாகச் செய்வதே சிறந்தது. அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் காட்டில் அறுவடைக்குப் பின் நிற்கும் பருத்திமாரில் தங்கிய புழு, அடுத்த பருவத்தில் அனைவர் காட்டிலும் பரவும். 1919-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வேளாண் பூச்சி நோய்த் தடுப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, குறித்த நாளுக்குள் பருத்திமாரைப் பிடுங்கிவிடவேண்டும் என்ற கட்டளை அதன்கீழ்ப் பிறப்பிக்கப்பட்டது இதனாலேயே. சட்டம் வற்புறுத்திச் செய்வித்ததை, சங்கம் மனமுவந்து செய்விக்க இயலும்.

சங்கந்தோறும் ஒரு பூதக்கண்ணாடி, மூடியுள்ள ஒரு பெட்டி, ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தால் போதும். பொறியில் விழுந்த பூச்சிகளை அங்கத்தினர்கள் வாரம் ஒருமுறை கொண்டுவந்து எண்ணிக் குறிப்பேட்டில் பதியவேண்டும். இரண்டு பருவங்கள் இவ்வாறு பதிந்தால், எந்த மாதத்தில் எந்தப் பூச்சி நம் வட்டாரத்துக்கு வருகிறது என்பது எவர் சொல்லையும் எதிர்பாராமல் நமக்கே தெரிந்துவிடும். நெசவுத் தோழர்களும் இதில் பங்குகொள்ளலாம். விளைவித்தவர், பஞ்சு அரைத்தவர், நூல் நூற்றவர், நெய்தவர் என்று சங்கிலிபோல் கைமாறி வரும் பொருளில், முதற்கண்ணியில் உள்ள குறையைக் கடைசிக் கண்ணியில் இருப்பவரே தெளிவாகக் காண்கிறார். நூலில் முடிச்சும் வெளிறலும் மிகுந்த பருவங்களை அவர்களும் குறிப்பேட்டில் பதிந்து வைத்தால், காட்டில் கண்டதும் தறியில் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வழி பிறக்கும்.

மருந்துக்கடையில் 'காய்ப்புழுவுக்கு மருந்து கொடுங்கள்' என்று கேட்பதற்கு முன், 'எந்தக் காய்ப்புழு?' என்ற கேள்வியை நமக்கு நாமே கேட்டு விடைகண்டு செல்வோமானால், செலவிடும் பணத்தில் ஒரு பகுதி மிஞ்சும். நன்மைப் பூச்சிகளும் பிழைக்கும். அங்கத்தினர்கள் வரும் பருவத்திலேயே இம்முயற்சியைத் தொடங்குவார்களாக.